ஆம்புலன்ஸில் ஓர் இடம்

— அப்போ எலி வேலை வேண்டாங்கற.

— வேண்டாம்னு எப்பம்மா சொன்னேன்? யோசிக்கிறேன்னுதான் சொன்னேன். சிகாகோகாரங்க இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க.

— ராத்திரிக்கு இன்னும் நேரம் கிடக்கு. முதல்ல கதவ நல்லா சாத்து ஐலி. உங்கப்பா மத்தியானத்துலேர்ந்து விறகு போட்டு ஏத்தின சூட்ட, நீ பாட்டுக்கு ஏரிக்கு அனுப்பிக்கிட்டு இருக்க.

— சாத்திட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காரு. எப்பவும் மேல் பலகைல நட்ட நடுவுல உக்காந்துக்கிற.

— நீ கீழ் பலகைல உக்காரு. நாலு வருஷம் காலேஜ்ல இருந்து உன் தோல் மெலிஞ்சு போச்சு. இந்தச் சவுனா அறையோட நீராவிச் சூடெல்லாம் இப்ப உனக்குத் தாங்காது.

— தாங்கும். அடுப்புக் கல்லு மேல ஒரு கரண்டி தண்ணி ஊத்தட்டுமா?

— ஊத்து. பார்த்து, கல்லு மேல மட்டும். அடுப்புத் தகரத்துல ஊத்தினா உங்கப்பன் கத்துவான். அவனோட தாத்தா தாமிரச் சுரங்கத்துலேர்ந்து வந்து, கையக்கூடக் கழுவாம கட்டின சவுனான்னு ஆரம்பிச்சிடுவான்... அப்பாடி. இப்பதான் சனிக்கிழமைன்னு இருக்கு. சரி, எலியச் சொல்லு.

— முதல்லேர்ந்து சொல்றேன். மெடிக்கல் காலேஜுக்கு நான் இந்த வருஷம் அப்ளிகேஷன் போடல. அடுத்த வருஷம்தான். நடுவுல ஒரு வருஷம் சும்மா இருந்தா, என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேப்பாங்க. அதுக்காகத்தான் இந்த வேலை. இது வரைக்கும் புரியுதுல்ல?

— ஐலி, நான் பள்ளிக்கூட கேண்டீன்ல உருளைக்கிழங்கு உரிக்கிறவதான். ஆனா நீ இத கிறிஸ்துமஸ்லேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்க. உரிக்கிற கிழங்குக்கே புரிஞ்சிருக்கும்.

— சரி, கேளு. மூணு வேலை இருக்கு. ஒண்ணு சிகாகோ. பெரிய ஆராய்ச்சிக்கூடம். எலிக்கு மருந்து குடுக்கணும், எடை பார்க்கணும், வால்லேர்ந்து ரத்தம் எடுக்கணும். அப்ளிகேஷனோட ஒரு கட்டுரை எழுதணும்ல, அதுல அந்தப் பேரு வந்தாலே போதும், படிக்கிறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க. ரெண்டாவது க்ரீன் பே. எமர்ஜென்சி வார்டுல டாக்டர் பின்னாடியே கம்ப்யூட்டரத் தள்ளிக்கிட்டுப் போயி, அவர் சொல்றதெல்லாம் டைப் அடிக்கணும்.

— அதுல நீ பேசலாமா?

— பேசக் கூடாது.

— நோயாளியத் தொடலாமா?

— தொடவும் கூடாது.

— அப்போ அது உனக்கு ஆகாது. நீ பேசாம இருந்தது டான்சில் எடுத்தப்போ மட்டும்தான். அப்பவும் எழுதி எழுதிக் காட்டி என் உயிர எடுத்த.

— அதான் க்ரீன் பே வேலைய ஒதுக்கிட்டேன். மூணாவது நம்ம ஊரு ஆம்புலன்ஸ்.

— ம்.

— என்ன ம்?

— ம்னா ம். மேல சொல்லு.

— இத்தனை நாள் எல்லாரும் சம்பளம் இல்லாமத்தான ஓடிக்கிட்டு இருந்தீங்க. அதாவது அப்பாவும் மத்தவங்களும். இப்ப பகல்ல ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கப் போறாங்க. அப்பா ஓட்டுவார், பின்னாடி நோயாளி கூட அந்த ஆள் இருக்கணும். அதுக்கு வேண்டிய சர்டிபிகேட்ட நான் போன கோடைலயே வாங்கிட்டேன். எனக்காகவே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு.

— இருக்கு.

— கட்டுரைக்கும் எவ்வளவு நல்லா வரும் பாரு. சின்ன ஊரு. இடுப்பளவு பனி. ஆஸ்பத்திரி முக்கா மணி நேரம். ஓட்டுறது அப்பா, பின்னாடி பொண்ணு. சிட்டிப் பசங்க யார்கிட்டயும் இப்படி ஒரு கதை இருக்காது.

— நீ வேலை தேடுறியா, கதை தேடுறியா?

— ரெண்டும் ஒண்ணுதாம்மா. எல்லாரும் அப்படித்தான். என் ரூம்மேட் டெல்ஃபின் இருக்கால்ல, போன மாசம் ஒரு முதியோர் இல்லத்துல சேர்ந்தா. முதல் வாரமே ஒரு பெரியவர் இவ கையப் பிடிச்சுக்கிட்டு, பொண்டாட்டி செத்துப்போன கதையச் சொல்லி அழுதிருக்கார். இவ பாத்ரூமுக்குப் போயி எனக்கு மெசேஜ் போடறா, முதல் பாரா கிடைச்சிடுச்சுன்னு.

— நல்லா இருக்கே அந்தப் பொண்ணு.

— அவ நல்லவதாம்மா. அன்னிக்கு சாயங்காலம் அதுக்காக அப்படி அழுதா. எங்க எல்லாரையும் அப்படி ஆக்கி வெச்சிருக்காங்க. தெருவுல ஒருத்தர் வழுக்கி விழுந்தாக்கூட, தூக்கிவிடறதுக்கு முன்னாடி இது அப்ளிகேஷன்ல எந்தக் கேள்விக்குப் பதிலா வரும்னு மனசு ஒரு ஓட்டம் ஓடிட்டு வருது.

— நீயும் அப்படியா?

— சவுனாவுல உக்காந்து பொய் சொல்லக் கூடாதே. ஆமா. கொஞ்சம்.

— வெர்னா. கேக்குதா? இன்னும் எவ்வளவு நேரம்?

— இப்பதான உள்ள வந்தோம் ரெய்னோ.

— நான் ஒண்ணும் சொல்லலை. அடுப்புக்கு விறகு போதுமான்னு மட்டும் கேக்கறேன்.

— அப்பா, நீங்களே சொல்லுங்க. எலியா, ஆம்புலன்ஸா?

— என்ன எதுக்கும்மா இழுக்குற? நான் கதவுக்கு வெளிய நிக்கிறவன்.

— வெளிய நின்னா கருத்து இருக்கக் கூடாதா?

— இருக்கலாம். ஆனா உள்ள உங்கம்மா இருக்கால்ல. அவளக் கேளு, அவ சொல்லுவா. நான் போயி விறகு எடுத்துட்டு வரேன்.

— அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? ஆம்புலன்ஸ்னு பேச்செடுத்தாலே ஓடறார். நேத்தும் இப்படித்தான், காப்பியப் பாதியில வெச்சுட்டு காரேஜுக்குப் போயிட்டார். அவர் வண்டில நான் வந்தா அவருக்குச் சந்தோஷம்தான?

— உங்கப்பாவுக்கு நீ எங்க இருந்தாலும் சந்தோஷம்தான். அது இருக்கட்டும், சிகாகோல என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன? அதச் சொல்லவே மாட்டேங்குற.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியாது. ஆனா சிகாகோன்னு சொல்லும்போதெல்லாம் நீ கால் விரலப் பார்க்குற.

— ...ரெண்டு வருஷம் இருப்பியான்னு கேட்டாங்கம்மா. இருப்பேன்னுட்டேன்.

— இருப்பியா?

— எப்படி இருப்பேன்? ஒரு வருஷத்துல கிளம்பிடுவேன். எல்லாருமே அப்படித்தான் சொல்லிட்டுச் சேர்றாங்க. அவங்களுக்கும் அது தெரியும்.

— தெரியும்னா எதுக்குக் கேக்கறாங்க?

— தெரியலை. அவங்க சிரிச்சுக்கிட்டே கேக்கறாங்க, நாங்க சிரிச்சுக்கிட்டே சொல்றோம்.

— அந்த அம்மா எப்படி? உன்ன இன்டர்வியூ பண்ணவங்க?

— ரொம்ப நல்ல மாதிரி. பேசிக்கிட்டு இருக்கும்போதே அவங்க நாய் மடியில ஏறி உக்காந்துடுச்சு, கேமராவுல மூஞ்சி முழுக்க நாய். அதான் உறுத்துது. சிடுமூஞ்சியா இருந்திருந்தா பொய் சொன்னது இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

— அப்போ போனப் போட்டு ஒரு வருஷம்தான் இருக்க முடியும்னு சொல்லிடு. வேணும்னா எடுத்துக்கட்டும்.

— எடுக்க மாட்டாங்கம்மா.

— கேட்டுப் பார்த்தியா?

— இல்ல.

— கேக்காமலே அவங்க பதிலையும் நீயே சொல்லிடு.

— நீ ஏன் சிகாகோவயே பிடிச்சுத் தொங்குற? உனக்கு எலின்னாலே ஆகாது. கேண்டீன்ல ஒரு எலியப் பார்த்துட்டு பெஞ்சு மேல ஏறி நின்னவ நீ.

— நான் ஏறினா என்ன? எலிக்கு ஊசி போடப் போறது நீதான. ஒரு கரண்டி ஊத்து, சூடு எறங்குது.

— நீ பேச்ச மாத்துற.

— ஆமா, மாத்துறேன். ஊத்து.

— சரி, இதக் கேளு. நேத்து ரஸ்ஸல்கிட்ட பேசினேன்.

— எந்த ரஸ்ஸல்?

— ஊர்ல எத்தனை ரஸ்ஸல் இருக்காங்க? ஆம்புலன்ஸ் கமிட்டி ரஸ்ஸல்தான். திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடுதாம். இருக்கறது ஒரே ஒரு இடம். இன்னொருத்தர் ஏற்கெனவே மனு போட்டிருக்காங்களாம். ஆனா நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இடம் எனக்குத்தான்னு சொல்லிட்டார்.

— அப்படியேவா சொன்னான்?

— அப்படியேதான். காலேஜ் முடிச்ச பொண்ணு, டாக்டராகப் போற பொண்ணு, அதுலயும் ரெய்னோ பொண்ணு, இதுக்கு மேல எங்களுக்கு என்ன வேணும்னார்.

— அந்த இன்னொருத்தர் யாருன்னு சொன்னானா?

— சொல்ல மாட்டாராம், ரகசியமாம். ரஸ்ஸலாவது, ரகசியமாவது. அவர் மனைவிக்கு மூலம்னு பெட்ரோல் பங்க்ல வண்டிக்குக் காத்து அடிக்க வர்றவங்களுக்கெல்லாம் தெரியும். இத மட்டும் அப்படிப் பொத்திப் பொத்தி வெச்சுக்கறார்.

— வெச்சுக்கட்டும். அவனுக்கும் நல்ல புத்தி வரக் கூடாதா?

— எனக்கு ஹர்யூ வீட்டுப் பையன்னு சந்தேகம்.

— எவன், மார்ச் மாசம் ஐஸ் மேல ஸ்னோமொபைல ஓட்டி ஏரிக்குள்ள விட்டானே, அவனா? அவனத்தான் ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு வந்தாங்க.

— அதுல ஆசை வந்திருக்கலாம். இல்லன்னா லைப்ரரி பெர்னிஸ்.

— பெர்னிஸ் ரத்தத்தப் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துடுவா. முள்ளு குத்தினாலே கண்ண மூடிக்கிறவ.

— பார்த்தியா? யாரா இருந்தாலும் எனக்குக் கீழதான். ரஸ்ஸலுக்கும் அது தெரியும். அந்த ஆள் வேணும்னா அடுத்த வருஷம் சேர்ந்துக்கட்டும், நான் போனப்புறம்.

— அப்படிச் சொல்லாத ஐலி.

— ஏன்?

— யாரோ ஒருத்தர் கஷ்டப்பட்டுப் படிச்சிருப்பாங்க. உன்ன மாதிரி ஒரே தடவைல பாஸாகியிருக்க மாட்டாங்க. யாருன்னு தெரியாம ஒருத்தர எடுத்த எடுப்புல கீழன்னு சொல்றது நல்லா இல்ல.

— சரி, சொல்லலை. கோவிச்சுக்காத. சவுனாவுல சண்டை போடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, கோவிச்சுக்கக் கூடாது. நீதான் சின்ன வயசுல சொல்லிச் சொல்லி வளர்த்த.

— கோவம் இல்ல. வேர்வை கண்ணுல இறங்குது.

— அம்மா, நான் கட்டுரைக்காக மட்டும் சொல்லலை. உனக்குத் தெரியுமா, நவம்பர்ல நீ எனக்குப் போன் பண்ணி அழுதியே, எல்மா ஆன்ட்டி கேண்டீன்ல விழுந்த அன்னிக்கு. அது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு.

— அவ இப்ப நல்லாத்தான் இருக்கா. நேத்து நான் கறி அடைச்சுச் சுட்ட பேஸ்டில ரெண்ட முழுசாத் தின்னுட்டு மூணாவதுக்குக் கைய நீட்டுறா. டாக்டர் வேண்டாம்னாரேடின்னா, டாக்டர் என் பேஸ்டியத் தின்னு பார்த்திருக்காரான்னு கேக்கறா.

— அவங்க நல்லா இருக்காங்க. நீதான் நல்லா இல்ல.

— ...மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன் ஐலி. சத்தம் கேட்டுத் திரும்பினா அவ தரைல கிடக்கா. கை முழுக்க மாவு. கையத் துடைச்சுக்கணுமா, அப்படியே அவளத் தொடலாமான்னு நின்னுக்கிட்டே இருந்தேன். இருபது வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு சமைச்சவ. அஞ்சாம் வகுப்பு டீச்சர் ஓடி வந்து நெஞ்ச அமுக்குறா. சின்னப் பொண்ணு, உன் வயசுதான். நான் எல்மாவோட செருப்பக் கழட்டி ஓரமா வெச்சேன். என்னால முடிஞ்சது அது ஒண்ணுதான்.

— நீ சமையல்காரிம்மா. உனக்கு எப்படித் தெரியும்?

— தெரிஞ்சிருக்கணும். அவளே அத மறந்துட்டா, யாரும் என்ன ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குத்தான் இன்னும் வெக்கமா இருக்கு. செருப்ப நேரா வேற வெச்சேன், ஜோடி சேர்த்து.

— இங்க வா. தோள்ல சாஞ்சுக்கோ. வேர்வை பரவாயில்ல.

— போதும் விடு, வழுக்குது.

— அதுக்குத்தான் சொல்றேன். அந்த வண்டில நான் இருந்தா, எல்மா ஆன்ட்டிக்கோ வேற யாருக்கோ ஒண்ணுன்னா நான் வந்துடுவேன். நீ சும்மா நின்னோமேன்னு நினைக்கவே வேண்டாம்.

— ம்.

— இன்னொண்ணும் இருக்கு. சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை.

— எனக்கு சிகாகோன்னா பயமா இருக்கு. அங்க ஒருத்தரையும் தெரியாது. காலேஜ்ல கடைசி வருஷம் முழுக்க நான் சரியாவே தூங்கலைம்மா. உன்கிட்ட சொல்லலை. இங்க வந்த இந்த ரெண்டு வாரமாத்தான் தூங்கறேன். காலைல நீ ஏலக்காய் ரொட்டி சுடற வாசனைக்கு முழிப்பு வருது. அப்பா கீழ ரேடியோவத் திட்டிக்கிட்டு இருக்கார். ஒரு வருஷம் இப்படி இருந்தா என்னன்னு தோணுது.

— இத முதல்ல சொல்லியிருக்கலாமே.

— டாக்டராகப் போறவ வீட்ட விட்டுப் போக பயமா இருக்குன்னு சொல்லலாமா?

— டாக்டருக்கெல்லாம் அம்மா இல்லையா என்ன?

— நீதான் என்ன ஊர விட்டுத் துரத்தறதுலயே குறியா இருக்க. வந்ததுலேர்ந்து சிகாகோ சிகாகோன்னு. நான் வீட்ல இருக்கறது உனக்குப் பிடிக்கலையா? சவுனாவுல கேக்கறேன், நேரா பதில் சொல்லணும்.

— பிடிக்கும். நீ போன முதல் வருஷம் உன் ரூம் கதவத் திறக்கவே மாட்டேன். அப்புறம் பழகிடுச்சு. இந்தக் குளிர்காலம் முழுக்க ராத்திரி சாப்பிட்டதும் உன் மேஜை முன்னாடிதான் போயி உக்காந்துக்குவேன்.

— அங்க உக்காந்து என்ன பண்ணுவ?

— விளக்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். உங்கப்பா காப்பி கொண்டு வந்து வெச்சுட்டுப் போவான்.

— ஐயோ அம்மா. என்ன நினைச்சுக்கிட்டா?

— உன்னயும் நினைச்சுக்குவேன்.

— அப்போ நீ வாயால சிகாகோன்னு சொன்னியே தவிர, மனசுல அது இல்ல. எனக்குத் தெரியும். நான் முடிவு பண்ணிட்டேன். சிகாகோ அம்மாவுக்குப் போன் பண்ணி உண்மையச் சொல்லி, மன்னிப்பு கேட்டுட்டு, வரலைன்னுடறேன். ரஸ்ஸலுக்குச் சரின்னு சொல்லிடறேன்.

— கரண்டியக் குடு, நான் ஊத்தறேன்.

— அம்மா, நான் சொன்னது கேட்டுச்சா?

— கேக்குது.

— ஏதாவது சொல்லு.

— சரின்னு சொல்லு. உனக்கு அந்த வேலை நல்லா வரும். நீ கையப் பிடிச்சா நோயாளிக்குப் பாதி பயம் போயிடும், சின்ன வயசுலேர்ந்தே உன் கை அப்படி. வண்டில பின்னாடி ஹீட்டர் சரியா வேலை செய்யாது, ரெண்டு காலுறை போட்டுக்கோ.

— சந்தோஷமாத்தான சொல்ற?

— நீ ஒரு வருஷம் வீட்ல இருக்கப் போற. சந்தோஷம் இல்லாம என்ன? அது நிஜம். வேணும்னா என் மூஞ்சியப் பாரு.

— மூஞ்சி செவப்பா இருக்கு.

— சவுனாவுல வேற எப்படி இருக்கும்? சரி, திங்கட்கிழமை கேண்டீனுக்குப் போற வழில நான் ரஸ்ஸலப் பார்த்துட்டுப் போறேன்.

— நீ எதுக்கு? என் வேலைக்கு நான் பேசிக்க மாட்டேனா? ஸ்கூல் பிள்ளை மாதிரி அம்மாவக் கூட்டிட்டு வந்தேன்னு அவர் ஊரெல்லாம் சொல்லுவார்.

— உன் வேலையப் பத்திப் பேசலை. எனக்கு அவன்கிட்ட ஒரு சின்ன விஷயம் இருக்கு. ரெண்டு நிமிஷம்.

— என்ன விஷயம் வெர்னா? அவன்கிட்ட என்ன சொல்லப் போற?

— நீ எப்ப வந்த ரெய்னோ? விறகு எங்க?

— விறகு அப்பவே வந்தாச்சு. ரொம்ப நேரமா இங்கதான் நிக்கிறேன். அவன்கிட்ட என்ன சொல்லப் போற?

— ஒண்ணும் இல்ல. நீ குளிர்ல நிக்காம வீட்டுக்குப் போ.

— சவுனாவுல உக்காந்துக்கிட்டு ஒண்ணும் இல்லங்கறா.

— ரெய்னோ, நீ எனக்குச் சத்தியம் பண்ணியிருக்க.

— பண்ணினேன். குளிர்காலம் பூரா வாயத் திறக்கலை. பொண்ணு கேக்கும்போதெல்லாம் விறகு எடுக்க ஓடி ஓடி, ரெண்டு வருஷத்துக்கு வேண்டிய விறகு சேர்ந்துபோச்சு. இன்னிக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னுதான் நின்னேன்.

— அப்பா, என்ன நடக்குது? யாருக்கு உடம்பு சரியில்ல?

— எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு.

— ரெய்னோ, வேண்டாம். குழந்தை இப்பதான் மனசு நிறைஞ்சு உக்காந்திருக்கா. எனக்கு இது போதும்.

— உனக்குப் போதும். எனக்குப் போதலை. ஐலி, அந்த இன்னொரு மனு யாரு போட்டதுன்னு ஊரெல்லாம் தேடினியே, அவ உன் பக்கத்துலதான் உக்காந்து வேர்த்துக்கிட்டு இருக்கா.